செயின் இழுபடுவதில்லை: ஹான்ஸ் ரெனோல்ட் என்றொரு மனிதர்

கல்முனையிலிருந்து சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை வழியாக அக்கரைப்பற்று வரை எந்தச் சைக்கிள் கடையில் நின்றாலும் ஒரு பேச்சு காதில் விழும். செயின் இழுபட்டுப் பெய்த்து என்பார்கள். மோட்டார் சைக்கிள் கராஜிலும் இதே பேச்சுத்தான். பெரும்போக அறுவடைக் காலத்தில் வயலோரம் பழுதாகி நிற்கும் வெட்டு மெஷினைச் சுற்றி நிற்பவர்களும் இதையே சொல்வார்கள். இறப்பர் இழுபடுவதுபோல இரும்பும் நாளடைவில் இழுபட்டு நீண்டுவிடுகிறது என்றுதான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம்.

ஆனால், நாம் மிதிக்கிற மிதிக்கு ஒரு நல்ல செயினின் இரும்புத் தகடுகள் நீள்வதில்லை. தேய்மானம் நடப்பது தகட்டில் அல்ல, கண்ணிகள் சேரும் மூட்டில். மூட்டுக்குள் இருக்கும் சிறிய பின்னும் அதைச் சுற்றியுள்ள குழாயும் ஒன்றோடொன்று உரசி மெல்ல மெல்லக் கரைகின்றன. ஒவ்வொரு மூட்டிலும் ஒரு மயிரிழை அளவு இடைவெளி கூடுகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட மூட்டுகளின் இடைவெளிகள் ஒன்றுசேரும்போது செயின் நீண்டுவிட்டதாக நமக்குத் தெரிகிறது. வெளியில் பார்த்தால் பளபளவென்றிருக்கும் செயின்கூட உள்ளே முடிந்துபோயிருக்கலாம்.

2022ஆம் ஆண்டு எரிபொருள் வரிசைகள் கிலோமீற்றர் கணக்கில் நீண்டபோது, வீட்டு மூலைகளில் கிடந்த சைக்கிள்கள் மீண்டும் வீதிக்கு வந்தன. ஆசிரியர்கள், மீனவர்கள், அலுவலகம் செல்பவர்கள் எல்லோரும் மிதித்தார்கள். அந்த மாதங்களில் நம் பகுதிச் சைக்கிள் கடைகள் சிலவற்றில் மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உதிரிப்பாகங்களின் விலை ஏறிக்கொண்டேயிருந்தது. செயின் தொங்கினால் பின்சில்லைப் பின்னுக்குத் தள்ளினார்கள். அதற்கும் இடமில்லாமல் போனால் ஒரு சோடிக் கண்ணியைக் கழற்றிவிட்டு மறுபடி பூட்டினார்கள். இது சிக்கனம் என்றே வந்தவர்களும் நம்பினார்கள், கடைக்காரரும் நம்பினார். அது சிக்கனம்தானா என்று தேடத் தொடங்கியபோதுதான் ஹான்ஸ் ரெனோல்ட்டின் பெயரைக் கண்டேன். நான் படித்தது ஊடகக் கற்கை, பொறியியல் அல்ல. ஆனாலும் இந்த மனிதரின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் நம் வீட்டுச் சைக்கிளைப் பற்றிய ஓர் அடிப்படை விடயம் தெளிவாகிவிடும் என்பதால் எழுதுகிறேன்.

சுவிட்சர்லாந்திலிருந்து மன்செஸ்டருக்கு

ரெனோல்ட் 1852 ஜூலை 31ஆம் திகதி சுவிட்சர்லாந்தின் ஆராவ் நகரில் பிறந்தார். சூரிச் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தார். 1873இல், தனது 21ஆவது வயதில், இங்கிலாந்தின் மன்செஸ்டருக்கு வந்து, இயந்திரங்களை ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

அன்றைய மன்செஸ்டர் பஞ்சாலைகளின் நகரம். அங்கு நூற்று நெய்யப்பட்ட துணிகள் கப்பலேறி ஆசியச் சந்தைகளை நிறைத்தன. தெற்காசியாவின் கைத்தறிக்காரர்கள் பலரின் பிழைப்பு அதனால் நொடிந்தது. பக்கத்து ஊரான மருதமுனையில் இன்றும் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த வரலாறு தூரத்துக் கதையல்ல. அந்தப் பஞ்சாலை இயந்திரங்களில் ஓர் அச்சின் சுழற்சியை இன்னோர் அச்சுக்குக் கொண்டுசெல்லச் செயின்கள் தேவைப்பட்டன. ரெனோல்ட் செயினைச் சந்தித்தது அங்கேதான். அப்போது அவர் மனதில் சைக்கிள் இருந்திருக்க முடியாது. செயினால் ஓடும் சைக்கிள் பரவலாக வருவதற்கு இன்னும் பல வருடங்கள் இருந்தன.

மன்செஸ்டரை ஒட்டிய சல்போர்டில் ஜேம்ஸ் ஸ்லேட்டர் என்பவர் சிறிய செயின் தொழிற்கூடம் ஒன்றை நடத்திவந்தார். பின்னும் ரோலரும் கொண்ட ஒரு செயினுக்கு 1864இல் காப்புரிமை பெற்றவர் அவர். 1879இல் அந்தத் தொழிற்கூடத்தை ரெனோல்ட் வாங்கினார். அப்போது அவருக்கு வயது 27. அடுத்த ஆண்டே, 1880இல், அவர் உருவாக்கிய புஷ் ரோலர் செயின் பிறந்தது. இன்று நம் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் நெல் வெட்டும் மெஷினிலும் ஓடுவது அடிப்படையில் அதே செயின்தான். 140 வருடங்களுக்கு மேலாகியும் அதன் அமைப்புப் பெரிதாக மாறவில்லை.

வாளிக் காதும் செயின் மூட்டும்

ரெனோல்ட் செய்தது என்ன என்பதைப் புரிந்துகொள்ள வீட்டுக் கிணற்றடியில் இருக்கும் பழைய இரும்பு வாளியைப் பார்த்தால் போதும். கைபிடிக் கம்பி நுழையும் காதின் ஓட்டை, வாங்கும்போது வட்டமாக இருந்திருக்கும். சில வருடங்களில் அது மேல்பக்கமாகத் தேய்ந்து நீள்வட்டமாகிவிடும். ஒருநாள் காது அறுந்து வாளி கிணற்றுக்குள் விழும். காரணம், தண்ணீரின் முழுப் பாரத்தையும் அந்த மெல்லிய தகரத்தின் விளிம்பு மட்டுமே தாங்குகிறது. கம்பி ஆட ஆட, அந்தச் சிறிய இடம் கரைகிறது.

ஸ்லேட்டரின் செயினில் இருந்த குறையும் இதே வகையானதுதான். பின்னின் மீது ரோலர் சுற்றியது. ஆனால் இழுவிசை முழுவதையும் உள்பக்கத் தகடுகள் இரண்டின் மெல்லிய ஓட்டை விளிம்புகளே தாங்கின. பின் அந்த விளிம்புகளில் உரசியது. பின்னும் தேய்ந்தது, ஓட்டையும் தேய்ந்தது.

ரெனோல்ட் இரண்டு உள்தகடுகளுக்கும் குறுக்கே ஒரு சிறிய குழாயை இறுக்கமாகப் பொருத்தினார். அதுதான் புஷ். இப்போது பின் உரசுவது தகட்டின் விளிம்பில் அல்ல, புஷ்ஷின் முழு நீளத்திலும். ரோலர் பின்னின் மேல் சுற்றாமல் புஷ்ஷின் மேல் சுற்றும். பாரம் தாங்கும் பரப்பு ஒரேயடியாகக் கூடிவிட்டது. உதாரணத்துக்கு, சாதாரண சைக்கிள் செயினில் ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள இரண்டு தகடுகள் மட்டும் தாங்கினால் பின்னுக்குக் கிடைப்பது 2 மில்லிமீற்றர் அகலம். தகடுகளோடு நடுவிலுள்ள இடமும் சேர்ந்து தாங்கினால் அது ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் ஆகும். இழுக்கும் பாரம் அதேதான். ஆனால் ஒவ்வொரு புள்ளியிலும் விழும் அழுத்தம் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

அழுத்தம் குறைந்தால் தேய்மானமும் குறையும் என்பதைக் கணக்காக எழுதிவைத்தவர் பிரித்தானிய விஞ்ஞானி ஆர்ச்சர்ட். அது 1953இல். உரசும் இரண்டு உலோகங்களில் கரைந்துபோகும் அளவு, பாரத்துக்கும் உரசிய தூரத்துக்கும் ஏற்பக் கூடும், உலோகத்தின் கடினத்துக்கு ஏற்பக் குறையும் என்பதே அவருடைய விதியின் சாரம். அந்த விதி எழுதப்படுவதற்கு 73 வருடங்களுக்கு முன்பே, தொழிற்கூடத்தில் தேய்ந்து வந்த செயின்களைக் கையில் எடுத்துப் பார்த்த ஒரு மனிதர் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். தகட்டைத் தடிப்பாக்குவது, செயினைப் பெரிதாக்குவது என்று அவர் போகவில்லை. உரசும் இடத்தை மாற்றினார்.

சைக்கிள் வந்தது

1880இல் சைக்கிள் என்றால் முன்சில்லு ஆளுயரத்துக்கு இருக்கும் ஒரு வண்டி. மிதி முன்சில்லோடு நேராக இணைக்கப்பட்டிருந்தது. செயின் இல்லை. விழுந்தால் தலை உடையும். 1885இல் கொவென்றி நகரில் ஜோன் கெம்ப் ஸ்டார்லி ரோவர் என்ற சைக்கிளைச் செய்தார். இரண்டு சில்லும் ஏறத்தாழ ஒரே அளவு. மிதி நடுவில். அங்கிருந்து செயின் பின்சில்லைச் சுழற்றியது. இன்று நாம் ஓட்டும் சைக்கிளின் மூதாதை அதுதான். 1888இல் டன்லொப்பின் காற்றடைத்த டயரும் வந்துவிட, 1890களில் சைக்கிள் மோகம் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் பிடித்தது.

ஆரம்ப சைக்கிள்களில் கட்டைச் செயின்கள் போன்ற வேறு வகைகளும் ஓடின. காலப்போக்கில் புஷ் ரோலர் செயின் அவற்றை ஓரங்கட்டியது. பஞ்சாலைக்காகப் பிறந்த ஒன்று, பெட்ரோல் வாங்க வசதியில்லாதவனின் வாகனத்துக்குள் நுழைந்தது. 1903இல் சைக்கிள் கடைக்காரர்களான ரைட் சகோதரர்கள் தங்களுடைய முதல் விமானத்தில் இயந்திரத்திலிருந்து காற்றாடிகளுக்கு விசையைக் கொண்டுசென்றதும் செயின் மூலம்தான்.

ரெனோல்ட் புஷ் செயினோடு நின்றுவிடவில்லை. 1895இல், பல் வடிவத் தகடுகளை அடுக்கிச் செய்யப்பட்ட சத்தமில்லாத செயின் ஒன்றை அறிமுகப்படுத்தினார். வேகமாகச் சுழலும் இயந்திரங்களுக்கு அது உதவியது. 1906 அளவில் மன்செஸ்டரின் புறநகரான பர்னேஜில் புதிய தொழிற்சாலைக்கான வேலைகள் தொடங்கின.

உராய்வை எப்படி அளப்பது?

ஒரு மூட்டு எத்தனை தடவை மடங்குகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். முன்னால் 44 பல், பின்னால் 18 பல், 28 அங்குலச் சில்லு, 110 கண்ணி கொண்ட ஒரு சைக்கிளை எடுத்துக்கொள்வோம். செயின் ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்போது சைக்கிள் ஏறத்தாழ 13 மீற்றர் முன்னேறும். அந்த ஒரு சுற்றில் ஒவ்வொரு மூட்டும் நான்கு தடவை மடங்கி நிமிரும். முன் பல்சக்கரத்தில் ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று, பின்னால் ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று. ஆக, 10 கிலோமீற்றர் மிதித்தால் ஒவ்வொரு மூட்டும் ஏறத்தாழ 3,000 தடவை மடங்குகிறது. சின்னப் பல்சக்கரத்தில் மடங்கும் கோணம் அதிகம். 18 பல் என்றால் 20 பாகை, 44 பல் என்றால் 8 பாகை சொச்சம். அதனால்தான் பின்பக்கச் சிறிய சக்கரமே மூட்டுகளைக் கூடுதலாகத் தேய்க்கிறது.

இந்த மடங்கலில் வீணாகும் விசையை ஆய்வுகூடங்களில் பல விதமாக அளக்கிறார்கள். ஒரு முறை மிக எளிமையானது. இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவே செயினைப் பூட்டி, குறிப்பிட்ட பாரத்தில் இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒரு மோட்டாரால் சுற்றவிடுவார்கள். வேறு எந்த வேலையையும் அந்த மோட்டார் செய்வதில்லை. ஆகவே மோட்டார் செலவழிக்கும் சக்தியில் தாங்கிகள் எடுத்துக்கொள்ளும் சிறு பங்கைக் கழித்தால் மிஞ்சுவது செயின் மூட்டுகளின் உராய்வு. இன்னொரு முறையில் ஒரே ஒரு மூட்டை எடுத்து, பாரம் தொங்கவிட்டு, முன்னும் பின்னும் ஆட்டி, ஆட்டுவதற்கு எவ்வளவு முறுக்குவிசை வேண்டும் என்று அளப்பார்கள்.

அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசரும் அவருடைய குழுவினரும் 1990களின் இறுதியில் சைக்கிள் செயினை இப்படி அளந்தார்கள். வெப்பத்தைப் படமெடுக்கும் கமெராவைக் கொண்டு, ஓடும் செயினில் எங்கே சூடு பிறக்கிறது என்றும் பார்த்தார்கள். அவர்களுக்கே வியப்பாக இருந்த முடிவு, செயின் கடத்தும் விசையில் சிறந்த நிலைமைகளில் 98.6 சதவீதம் பின்சில்லுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது என்பதுதான். மோசமான நிலைமைகளில் அது 81 சதவீதம் வரை இறங்கியது. பெரிய பல்சக்கரங்களோடும் இறுக்கமாக இழுபட்ட நிலையிலும் இழப்புக் குறைவாக இருந்தது. சுத்தமான ஆய்வுகூடத்தில், எந்த ஒயில் போட்டாலும் அளவில் பெரிய மாற்றம் தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டு ஒயிலே வேண்டாம் என்று முடிவெடுத்துவிடக் கூடாது. ஆய்வுகூடத்தில் மணல் இல்லை. உராய்வால் இன்றைக்கு இழக்கும் சக்தி வேறு, உராய்வால் நாளடைவில் கரையும் உலோகம் வேறு. ஒரு செயின் நன்றாகவே விசையைக் கடத்திக்கொண்டு, அதேநேரம் உள்ளுக்குள் வேகமாகத் தேய்ந்துகொண்டும் இருக்கலாம். மிதிப்பவருக்கு முதலாவது காலில் தெரியும். இரண்டாவது தெரியாது. அதை அளந்துதான் அறியவேண்டும்.

மனிதரையும் அளந்த முதலாளி

ரெனோல்ட்டைப் பற்றி எழுதும்போது அவருடைய தொழிற்சாலைக்குள் வேலை செய்தவர்களை விட்டுவிட முடியாது. 1895இல் அவர் தொழிலாளர்களுக்கு உணவகம் ஒன்றைத் திறந்தார். 1896இல் வாரத்துக்கு 48 மணித்தியால வேலை என்ற முறையைக் கொண்டுவந்தார். அந்நாளில் பிரித்தானியப் பொறியியல் தொழிற்சாலைகளில் 53, 54 மணித்தியாலங்கள் வேலை வாங்குவது வழக்கம். சல்போர்டில் வில்லியம் மேத்தர் என்ற இன்னொரு முதலாளி 1893இல் இதைப் பரீட்சித்துப் பார்த்திருந்தார். நேரம் குறைந்தும் உற்பத்தி குறையவில்லை என்பதை அவர் காட்டினார்.

இது எவ்வளவு பெரிய விடயம் என்பது அடுத்த வருடம் தெரிந்தது. எட்டு மணித்தியால வேலைநாள் கேட்ட பொறியியல் தொழிலாளர்களைப் பிரித்தானிய முதலாளிகள் 1897 ஜூலையில் வாசலுக்கு வெளியே நிறுத்திப் பூட்டினார்கள். 1898 ஜனவரி வரை நீடித்த அந்தக் கதவடைப்பில் தொழிற்சங்கம் தோற்றது. மற்றவர்கள் அரை வருடம் போராடியும் பெற முடியாத ஒன்று, ரெனோல்ட்டின் தொழிலாளர்களுக்கு ஏற்கெனவே கிடைத்திருந்தது.

அதற்காக அவரைத் தொழிலாளரின் தோழராக்கிவிடவும் முடியாது. அமெரிக்கரான ஃபிரெட்ரிக் டெய்லர், ஒவ்வொரு வேலையையும் துண்டு துண்டாகப் பிரித்து, கடிகாரம் வைத்து அளந்து, இவ்வளவு நேரத்தில் இவ்வளவு செய்யவேண்டும் என்று வகுத்த முறையைப் பிரித்தானியாவில் முன்கூட்டியே கையாண்டவர்களில் ரெனோல்ட்டும் ஒருவர். பின்னையும் புஷ்ஷையும் அளந்த அதே மனம் மனிதனின் கையசைவையும் அளந்தது. மனிதனை இயந்திரத்தின் பாகமாக்குகிறது என்று டெய்லர் முறை மீது அன்றும் இன்றும் வைக்கப்படும் குற்றச்சாட்டிலிருந்து இவரையும் விலக்கிவிட முடியாது. அதேநேரம், அளந்தபின் மணித்தியாலத்தைக் குறைக்கும் முடிவையும் அவர் எடுத்திருக்கிறார். அளவுகோலைக் கையில் வைத்திருப்பவர் அதை எதற்காகப் பயன்படுத்துகிறார் என்பதே கேள்வி.

அவருடைய மகன் சார்ல்ஸ் ரெனோல்ட், தொழிலாளர்களும் நிர்வாகமும் ஒன்றாக உட்கார்ந்து பேசும் குழுக்களை முதலாம் உலகப் போர்க் காலத்திலிருந்தே அந்த நிறுவனத்தில் நடத்தினார். மூன்று தசாப்த அனுபவத்தை 1950இல் நூலாகவும் எழுதினார். நம் நாட்டில் கடை, அலுவலக ஊழியர்களுக்கு வாரம் 45 மணித்தியாலம் என்று 1954ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கராஜ்களில் தொழில் பழகும் பையன்களும், அறுவடைக் காலத்தில் இரவு பகலாக மெஷின் ஓட்டுபவர்களும் நடைமுறையில் எந்தக் கணக்குக்குள் வருகிறார்கள் என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை.

மணலும் உப்பும் உமியும்

நம் கரையோரம் செயினுக்கு நல்ல இடமல்ல. கடற்கரை மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். அது, கடினமாக்கப்பட்ட உருக்கையும் கீறக்கூடியது. ஒயில் பூசிய செயினில் ஒரு மணல் துகள் ஒட்டி உள்ளே போனால், பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே அது அரம்போல வேலை செய்யும். உப்புக் காற்று துருவை உண்டாக்கும். துருத்தூள் இன்னோர் அரம். உலோகத்தை மெருகேற்ற இரும்பு ஒக்சைட் தூளைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வயல்பக்கம் போனால் உமி. நெல் உமியை எரித்தால் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு சாம்பலாக மிஞ்சும். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணலின் அதே பொருள். வெட்டு மெஷினின் செயின்கள் அறுவடை முழுவதும் இந்தத் தூசிக்குள்தான் ஓடுகின்றன. மழை இருட்டிக்கொண்டு வரும்போது செயின் அறுந்து மெஷின் நின்றால், வெட்டாத வயலின் சொந்தக்காரருக்கு அது செயின் விலையோடு முடிகிற நட்டம் அல்ல.

எனவே ஒயிலின் வேலை மூட்டுக்கு உள்ளே. வெளியே வழியும் ஒயில் மணலை அழைத்து வருகிறது. பழைய இஞ்சின் ஒயிலைச் செயின் முழுக்க ஊற்றிவிடும் பழக்கம் இதனால்தான் கெடுதி. ஒவ்வொரு மூட்டிலும் ஒரு துளி விட்டு, சில நிமிடம் மிதியைச் சுற்றிவிட்டு, வெளிப்பக்கத்தைத் துணியால் உலர்த்துடைப்பதே நல்லது.

ஓர் அடிமட்டம் போதும்

இனி அந்தச் சோடிக் கண்ணியின் கதைக்கு வருவோம். சைக்கிள் செயினில் பின்னுக்குப் பின் உள்ள தூரம் அரை அங்குலம், 12.7 மில்லிமீற்றர். ஆகவே புதிய செயினில் 24 கண்ணி சரியாக 12 அங்குலம். பள்ளிக்கூடப் பிள்ளையின் பையில் கிடக்கும் அடிமட்டத்தை எடுத்து, செயினின் தொய்வை நீக்கி, ஒரு பின்னின் நடுவில் பூச்சியத்தை வைத்து, அதிலிருந்து 24ஆவது பின் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

12 அங்குலத்துக்கு மேல் ஓர் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு, அதாவது 1.6 மில்லிமீற்றர், தள்ளியிருந்தால் செயினை மாற்றும் காலம் வந்துவிட்டது. அந்த நிலையில் ஒவ்வொரு மூட்டிலும் கரைந்திருப்பது 0.07 மில்லிமீற்றருக்கும் குறைவு. ஒரு தலைமயிரின் தடிப்பு. அப்போதே மாற்றினால் பல்சக்கரங்கள் தப்பிவிடும். எட்டில் ஒரு பங்கு, அதாவது 3.2 மில்லிமீற்றர், தள்ளியிருந்தால் பிரீவீலின் பற்களையும் அது தின்றிருக்கும். நீண்ட செயினின் கண்ணிகள் பல்லின் அடியில் உட்காராமல் மேலேறி நிற்கும். பாரம் எல்லாப் பற்களிலும் பரவாமல் ஓரிரு பற்களில் விழும். பல் கொக்கிபோல வளையும். அதன்பின் புதுச் செயின் போட்டாலும் அந்தப் பல்லில் அது நழுவும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 110 கண்ணிச் செயினின் மொத்த நீளம் ஏறத்தாழ 1,397 மில்லிமீற்றர். ஒரு சோடிக் கண்ணியின் நீளம் 25.4 மில்லிமீற்றர். ஒரு சோடியைக் கழற்றியும் சில்லு பழைய இடத்திலேயே சரியாகப் பூட்டுப்படுகிறது என்றால், செயின் 1.8 சதவீதம் நீண்டிருக்கிறது என்று பொருள். மாற்றவேண்டிய அளவு அரைச் சதவீதம். அதாவது கண்ணி கழற்றுவதற்கு இடம் கிடைக்கும்போதே, மாற்றவேண்டிய காலத்தைத் தாண்டி மூன்று மடங்குக்கு மேல் ஓடியாகிவிட்டது. கழற்றினால் தொய்வு போகும். மிச்சமுள்ள 108 மூட்டுகளின் தேய்மானம் அப்படியே இருக்கும். செயினுக்குக் கொடுக்கப் பயந்த காசை, கொஞ்ச நாளில் செயினுக்கும் பிரீவீலுக்கும் கிராங்குக்கும் சேர்த்துக் கொடுக்கவேண்டி வரும். மிதித்து எழும்பும்போது செயின் நழுவினால் விழுந்து அடிபடுவது வேறு.

மோட்டார் சைக்கிளிலும் முறை இதேதான். நம் வீதிகளில் ஓடும் சிறிய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் இருக்கும் 428 இலக்கச் செயினுக்கும் அதே அரை அங்குலம்தான். எவ்வளவு நீண்டால் மாற்றவேண்டும் என்ற அளவு மட்டும் வேறு. அது வண்டியின் கைநூலில் இருக்கும்.

இந்தக் கணக்கைக் காட்டியபோது கடைக்காரர் ஒருவர் மறுக்கவில்லை. விரலால் செயினைத் தூக்கிப் பார்த்தே அது முடிந்துவிட்டதைச் சொல்லக்கூடியவர் அவர். தெரியாததால் அல்ல, வருபவரின் கையில் அன்றைக்குப் புதுச் செயினுக்குக் காசு இல்லாததால்தான் கண்ணியைக் கழற்றுகிறார். அந்த நியாயத்தை நான் மறுக்க மாட்டேன். ஆனால் தொய்வு தெரிய முன்பே, அரைச் சதவீதத்திலேயே, ஓர் அடிமட்டம் எச்சரித்திருந்தால் ஒரு செயினுக்கு மட்டும் காசு சேர்க்க அவருக்கு மாதக்கணக்கில் அவகாசம் இருந்திருக்கும். காசு இல்லாதவருக்குத்தான் அளவு அதிகம் தேவை. மாதமொரு முறை ஒரு நிமிடம் போதும்.

ரெனோல்ட் 1943 மே 2ஆம் திகதி, 90 வயதில் காலமானார். அதற்கு முன்பே, 1930இல், அவருடைய நிறுவனம் கொவென்றி செயின் நிறுவனத்தோடு இணைந்துவிட்டது. அவருடைய பெயரைத் தாங்கிய நிறுவனம் 2008இல் கோயம்புத்தூரின் எல்.ஜி. பாலகிருஷ்ணன் அன் பிரதர்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து இந்தியாவில் கூட்டு நிறுவனம் ஒன்றை அமைத்தது. ரோலன் என்ற பெயரில் செயின் செய்பவர்கள் அந்தக் கோயம்புத்தூர் நிறுவனத்தார்தான். மன்செஸ்டரில் தொடங்கியது இப்படித் தமிழ் பேசும் தொழிலாளர்களின் கைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

அடுத்த பெரும்போகத்துக்கு மெஷின்கள் வயலில் இறங்குவதற்கு முன், நிற்கும் இடத்திலேயே அவற்றின் செயின்களை ஒருமுறை அளந்து பார்க்கலாம். பள்ளிக்குப் போகும் பிள்ளையின் சைக்கிளையும் பார்க்கலாம். தேவையான கருவி பிள்ளையின் புத்தகப் பைக்குள்ளேயே இருக்கிறது.